ஒரு தடவை ஏறுங்கள், ஒரு தடவை இறங்குங்கள்

கேள்வி: ஐயா, என் மகன் இத்தாலியில் மிலான் நகரத்தில் வேலை பார்க்கிறான். போன வருஷம் எங்கள் இருவரையும் அங்கே வரவழைத்து, டஸ்கனி பக்கம் ஒரு வாரம் காரிலேயே சுற்றிக் காட்டினான். திராட்சைத் தோட்டத்துக்குள் இருக்கும் விவசாயி வீட்டிலேயே தங்கினோம், அவர்கள் சமைத்ததைச் சாப்பிட்டோம். ஒரு நாளும் அலுப்பே தெரியவில்லை. வருகிற ஜனவரியில் அவன் தன் மனைவியோடும், கூட வேலை பார்க்கும் ஓர் இத்தாலியத் தம்பதியோடும் தேவாரம் வருகிறான். “நம்ம ஊர்லயும் அதே மாதிரி ஒரு வாரம் சுத்தணும்ப்பா, ரூட் போட்டு வைங்க” என்கிறான். நானும் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து சுருளி, மேகமலை, தேக்கடி, ராமக்கல்மெட்டு, மூணாறு, மறையூர், டாப் ஸ்டேஷன், கொழுக்குமலை, வாகமண் என்று எழுதிவிட்டேன். ஏழு நாளில் இவ்வளவும் முடியுமா? ஜனவரியில் எந்த வாரம் நல்லது? ஆறு பேருக்கு எங்கள் சின்னக் கார் போதுமா? இத்தாலிக்காரர் தானே வண்டி ஓட்ட ஆசைப்படுகிறார், விடலாமா? வெளிநாட்டவர் நம் வீட்டில் தங்கினால் போலீஸில் சொல்ல வேண்டுமா?

— ஒரு வாசகர், தேவாரம்

பதில்: உங்கள் பட்டியலில் இருக்கும் ஒன்பது இடங்களையும் ஏழு நாளில் “பார்த்துவிட” முடியும். ஆனால் ஆறு பேரும் காருக்குள்ளேயே குடியிருந்துதான் பார்க்க வேண்டியிருக்கும்.

டஸ்கனியில் உங்களுக்கு ஏன் அலுக்கவில்லை என்று யோசித்துப் பாருங்கள். ஃபுளோரன்ஸிலிருந்து சியெனாவுக்குத் திராட்சைக் குன்றுகள் வழியாகப் போகும் 222ஆம் எண் சாலை மொத்தமே 70 கிலோமீட்டர் அளவுதான். அதற்கு ஒரு முழு நாளை ஒதுக்குகிறவர்கள் உண்டு. உங்கள் மகன் உங்களை நிறைய இடங்களுக்கு அழைத்துப் போயிருக்க மாட்டார், குறைந்த தூரத்தில் நிறைய நேரம் வைத்திருப்பார். நம் பக்கத்தில் இதை இன்னும் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும். கம்பம் பள்ளத்தாக்குக்கும் ஏலமலைக்கும் நடுவே செங்குத்துச் சுவர் நிற்கிறது. அதில் வண்டி ஏற, குமுளி சாலை, கம்பம்மெட்டு சாலை, போடிமெட்டு சாலை என்று மூன்றே வாசல்கள். தினமும் காலையில் ஏறி மாலையில் இறங்கினால், வாரம் முழுக்கக் கொண்டை ஊசி வளைவுகளிலேயே கழிந்துவிடும், பாதிப் பேர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருப்பார்கள்.

ஆகவே என் யோசனை இது: ஏழு நாளில் ஒரே ஒரு தடவை ஏறுங்கள், ஒரே ஒரு தடவை இறங்குங்கள். குமுளி வழியாக ஏறி, முகட்டிலேயே நான்கு இரவு தங்கி, போடிமெட்டு வழியாக இறங்குங்கள். இதை முதலில் முடிவு செய்துகொண்டால், எந்த இடத்தைப் பார்ப்பது, எதை விடுவது என்பது தானாகவே விளங்கும்.

எதை விடுவது?

மேகமலையை விடுங்கள். சின்னமனூரிலிருந்து ஏறும் அந்தச் சாலைக்கு மறுபக்க வாசல் கிடையாது, போன வழியே திரும்ப வேண்டும். அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்துக்குள் போகிற சாலை, அந்தக் காடு 2021இல் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. மாலையில் செக்போஸ்ட்டை மூடிவிடுவார்கள். தனியாக இரண்டு நாள் வைத்துப் போக வேண்டிய மலை அது. வாகமண், மறையூர் இரண்டும் எதிரெதிர்த் திசை, அவற்றையும் அடித்துவிடுங்கள். மூணாறு நகரத்தை விடச் சொன்னால் மருமகள் கோபித்துக்கொள்ளலாம். ஆனால் தேயிலைச் சரிவைப் பார்க்க மூணாறு நெரிசலுக்குள் நுழைய வேண்டியதில்லை, நான்காம் நாள் நீங்கள் தங்கப்போகும் சூரியநெல்லியிலேயே அது இருக்கிறது.

எந்த வாரம்?

ஜனவரி 20க்குப் பிறகு வரும் வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கார்த்திகை முதல் மகரவிளக்கு முடியும்வரை குமுளி சாலை ஐயப்ப பக்தர்களின் சாலை. கூட்டம் மிகுந்த நாள்களில் போகிற வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிட்டு, திரும்புகிற வண்டிகளை மட்டும் குமுளி வழியாக விடுவார்கள். அப்போது உங்கள் திட்டம் முதல் நாளே தலைகீழாகும். அந்த நெருக்கம் தணிந்த பிறகு வானம் தெளிவாக இருக்கும், மழை பயம் குறைவு, ஏலத்தோட்டங்களில் கடைசிச் சுற்றுக் காய் எடுப்பும் நடந்துகொண்டிருக்கும். பிப்ரவரி பாதிக்கு மேல் காடு காய்ந்துவிடும், காட்டுத்தீ அபாயமும் தொடங்கிவிடும்.

முதல் நாள்: பள்ளத்தாக்கு

மலையேறும் முன் ஒரு நாள் கீழேயே இருங்கள். விமானத்தில் வந்தவர்களுக்கு உடம்பு தேறவும் அது உதவும். இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் உங்களுக்கு அடுத்த ஊர். அங்கிருந்து கோம்பை, உத்தமபாளையம் என்று போங்கள். உத்தமபாளையத்தில் கருப்பணசாமி கோயில் பாறையில் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய சமணச் சிற்பங்கள் இருக்கின்றன. பிறகு சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டம். இங்கேதான் இத்தாலிக்காரர்கள் அசந்துபோவார்கள். நாம் பன்னீர் திராட்சை என்று சொல்வது மஸ்கட் ஹாம்பர்க் ரகம். அவர்கள் நாட்டிலும் அது உண்டு, ‘மொஸ்காத்தோ’ குடும்பத்தில் சேர்த்துச் சொல்வார்கள். அங்கே வருஷத்துக்கு ஒரே அறுவடை, கோடை முடிந்து இலையுதிர் காலம் தொடங்கும்போது. கம்பம் பள்ளத்தாக்கிலோ ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும்போது பக்கத்துத் தோட்டத்தில் குலை பழுத்துத் தொங்கும், ஆண்டு முழுக்கப் பழம் உண்டு. ‘கம்பம் பன்னீர் திராட்சை’ 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. ஜனவரியில் கொடியில் பழம் பார்ப்பது அவர்களுக்குப் புதிது. அப்படியே சுருளி அருவிக்குப் போய் மாலைக்குள் வீடு திரும்பிவிடுங்கள்.

இரண்டாம் நாள்: ஏற்றம்

லோயர் கேம்ப்பில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். மலையிலிருந்து இறங்கும் ராட்சதக் குழாய்களைக் காட்டிக் கதையைச் சொல்லுங்கள். மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றை அணை கட்டி மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். வேலை 1887இல் தொடங்கி 1895இல் முடிந்தது. அந்தத் தண்ணீர்தான் லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல்லாக விளைகிறது. கட்டிய பொறியாளர் பென்னிகுயிக்கின் மணிமண்டபம் அங்கேயே இருக்கிறது, 2013 ஜனவரி 15 அன்று திறந்தார்கள். அது அவருடைய பிறந்தநாள். பள்ளத்தாக்கு மக்கள் அன்று அவருக்குப் பொங்கல் வைப்பதையும் சொல்லுங்கள். ஓர் ஆங்கிலேய அதிகாரிக்கு ஏன் பொங்கல் என்று கேட்பார்கள், முதல் நாள் பார்த்த வயலும் திராட்சையும் அதற்குப் பதில்.

அங்கிருந்து குமுளி ஏற்றம் குறுகிய தூரம்தான். குமுளியில் சாப்பிட்டுவிட்டு, அணைக்கரை, வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டத்துக்குள் இருக்கும் வீட்டில் இரண்டு இரவுக்கு அறை எடுங்கள். குமுளியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். இத்தாலியில் நீங்கள் தங்கிய மாதிரி வீடுகளுக்கு 1985இலேயே தனிச்சட்டம் போட்டார்கள். விவசாயம்தான் முதல் தொழிலாக இருக்க வேண்டும், விருந்தினர் வருமானம் அதற்குத் துணை என்பது அதன் சாரம். கேரளச் சுற்றுலாத் துறை ஹோம்ஸ்டேக்களை வைரம், பொன், வெள்ளி என்று தரம் பிரித்துச் சான்று தருகிறது, ஆனால் அது அறையின் வசதிக்கான தரம். தோட்டம் உண்மையில் நடக்கிறதா என்பதைப் போனில் நீங்கள்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். “உங்க ஸ்டோர்ல இப்ப காய் காயுதா?” என்று கேளுங்கள் (ஸ்டோர் என்பது ஏலக்காயைக் காயவைக்கும் கூடம்). உடனே பதில் வந்தால் அது தோட்ட வீடு. “ஸ்விம்மிங் பூல் இருக்கு சார்” என்று பேச்சு மாறினால் வேறு வீடு பாருங்கள்.

மூன்றாம் நாள்: கார் சாவியை எடுக்க வேண்டாம்

பயணத்தின் நடுநாயகம் இந்த நாள். காலையிலேயே தோட்டத்துக்குள் இறங்குங்கள். ஏலம் வெயில் தாங்காது, உயர்ந்த மரங்களின் நிழலில்தான் வளரும். காய் மேலே தொங்காது, தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படரும் சரத்தில் காய்க்கும். குனிந்தும் குந்தியும் பறிக்க வேண்டும். ஒரே சரத்தில் பூவும் பிஞ்சும் முற்றிய காயும் சேர்ந்திருக்கும், முற்றியதை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். அதனால்தான் இந்தத் தொழிலுக்கு இன்றும் கைதான் இயந்திரம். ஒன்றரை மாதத்துக்கு ஒரு சுற்று என்று சீசன் முழுக்க எடுப்பார்கள். எடுத்த காயை ஸ்டோரில் இதமான சூட்டில் ஏறக்குறைய ஒரு நாள் முழுக்கக் காயவைப்பார்கள். சூடு கூடினால் பச்சை நிறம் போய்விடும், விலையும் போய்விடும். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால் ஒரு கிலோதான் தேறும். இதைக் கண்ணால் பார்த்தவர் ஏலக்காய் விலையைப் பற்றி அப்புறம் முணுமுணுக்க மாட்டார்.

அந்தக் கைகளில் பெரும்பாலானவை நம் பக்கத்துக் கைகள் என்பது உங்களுக்குத் தெரியும், விருந்தினருக்குத் தெரியாது. தேவாரம், கோம்பை, போடி, கம்பம் ஊர்களிலிருந்து விடிவதற்கு முன்பே ஜீப்பில் நெருக்கியடித்து ஏறிப்போகும் பெண்கள் பறித்ததுதான் கடையில் பளபளக்கும் காய். 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை பிரிந்தபோது தோட்டங்கள் கேரளத்துக்குப் போயின, கூலிக்குப் போகிறவர்களின் ஊர் தமிழ்நாட்டில் நின்றது. தோட்டத்தில் வேலை செய்கிறவர்களைப் படம் எடுப்பதற்கு முன் அவர்களிடம் கேட்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிஷம் பேசினால் உங்கள் ஊர்க்காரர் ஒருவராவது தட்டுப்படுவார்.

பிற்பகலில் தோட்டக்காரரின் ஜீப்பிலேயே புற்றடிக்குப் போகலாம். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கும் இடங்கள் இரண்டு: ஒன்று புற்றடி, இன்னொன்று நம் போடி. ஏலக் கூடத்துக்குள் வெளியாட்களை விடுவது அன்றைய நிர்வாகத்தைப் பொறுத்தது. தோட்டக்காரர் முன்கூட்டியே பேசினால் வேலை எளிது.

நான்காம் நாள்: முகட்டுச் சாலை

வண்டன்மேட்டிலிருந்து கம்பம்மெட்டு, தூக்குப்பாலம், ராமக்கல்மெட்டு, நெடுங்கண்டம், உடும்பன்சோலை, சாந்தன்பாறை, பூப்பாறை வழியாகச் சூரியநெல்லி. வரைபடத்தில் ஒரு விரல்நீளம், சாலையில் ஒரு பகல். காலை எட்டு மணிக்குக் கிளம்பிவிடுங்கள்.

நிறுத்த வேண்டிய இடங்கள் இரண்டு. முதலாவது ராமக்கல்மெட்டு. காற்றாலைகளைத் தாண்டி, பாறை விளிம்பில் நின்றால் கோம்பையும் தேவாரமும் காலுக்குக் கீழே கிடக்கும். காற்று ஆளைத் தள்ளும், வயதானவர்கள் பாறை ஏற வேண்டாம். இரண்டாவது உடும்பன்சோலைக்குப் பக்கத்தில் சதுரங்கப்பாறை. அங்கேயும் அதே பள்ளத்தாக்கு, வேறு கோணத்தில். “இவ்வளவு பக்கத்தில் இருக்கும் வீட்டிலிருந்து இங்கே வர ஏன் மூன்று நாள் சுற்றினோம்?” என்று யாராவது கேட்டால், சாக்கலூத்து மெட்டுப் பாதையைப் பற்றிச் சொல்லுங்கள். தேவாரத்திலிருந்து நேரே ஏறும் அந்த நடைபாதையைச் சாலையாக்கக் கேட்டுப் பல பத்தாண்டுகளாக மனுக்கள் போய்க்கொண்டிருக்கின்றன. ஒரு பக்கம் தினக்கூலிக்குப் போகிறவர்களின் நேரமும் டீசலும், மறுபக்கம் காடும் யானை வழியும். இரண்டு நியாயங்களையும் சொல்லுங்கள். இத்தாலியிலும் மலைச்சாலை என்றால் இதே சண்டை உண்டு, அவர்களுக்குப் புரியும்.

உடும்பன்சோலைக்கு முன் மயிலாடும்பாறையில் 1978இல் தொடங்கிய இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தாவர ஆர்வம் உள்ளவர் யாராவது உங்களோடு இருந்தால் வாசலில் நிறுத்திக் காட்டுங்கள், இல்லையென்றால் நேரத்தை மிச்சப்படுத்துங்கள்.

மாலை ஐந்து மணிக்குள் சூரியநெல்லி சேர்ந்துவிட வேண்டும். இருட்டின பிறகு அந்தப் பக்கம் ஓட்டக் கூடாது. சின்னக்கானல், ஆனையிறங்கல் வட்டாரம் யானைகளின் வீடு. அரிக்கொம்பன் யானை அங்கே பிடிபட்டது 2023 ஏப்ரல் 29 அன்று. பெரியார் காப்பகத்தில் விட்ட பிறகு, மே 27 காலையில் கம்பம் நகரத் தெருவிலேயே ஓடியதை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள்.

ஐந்தாம் நாள்: கொழுக்குமலை

நிலம் நம் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது, வண்டிப்பாதை கேரளத்தில் மட்டும். சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில்தான் போக முடியும், சொந்த வண்டியை விடமாட்டார்கள். சூரிய உதயத்துக்கு அதிகாலை நான்கு மணி வாக்கில் கிளம்ப வேண்டும். பாதை குலுக்கி எடுக்கும், முதுகுவலி, மூட்டுவலி உள்ளவர்கள் அறையிலேயே இருப்பது நல்லது. அது உங்களையும் உங்கள் மனைவியையும் சேர்த்துத்தான். ஏறக்குறைய 7,900 அடி உயரத்தில் தேயிலைத் தோட்டமும் பழைய முறைத் தேயிலை ஆலையும் இருக்கின்றன. ஜனவரி விடியலில் குளிர் கடுமை, இளையவர்களுக்குக் கம்பளி கட்டாயம். திரும்பி வந்து தூங்குங்கள். பிற்பகலுக்கு வேறு திட்டம் வைக்காதீர்கள்.

ஆறாம் நாள்: இறக்கம்

சூரியநெல்லியிலிருந்து பூப்பாறை, அங்கிருந்து போடிமெட்டு. மூணாறு–போடிமெட்டுச் சாலையை 42 கிலோமீட்டருக்கு அகலப்படுத்தி 2024 ஜனவரியில் திறந்துவிட்டார்கள், அந்தப் பகுதியில் ஓட்டுவது சுகம். மெட்டைத் தாண்டினதும் 17 கொண்டை ஊசி வளைவுகள். இத்தாலிக்காரர் தங்கள் ஸ்டெல்வியோ கணவாயில் ஒரே பக்கத்தில் 48 வளைவு என்று பெருமை பேசலாம், பேசட்டும். அந்தச் சாலை குளிர்காலம் முழுக்கப் பனியில் மூடிக் கிடக்கும், நம் சாலையில் ஜனவரியில்தான் கொண்டாட்டம்.

காலை ஒன்பதரை மணிக்கு மேல், பிற்பகல் மூன்று மணிக்குள் இறங்கிவிடுங்கள். விடியலில் தொழிலாளர் ஜீப்புகள் ஏறும், மாலையில் இறங்கும், அவர்களுக்கு வழி நமக்கு முன்னே. ஏறுகிற வண்டிக்கு இடம் விட்டு நிற்பது மலைச்சாலைச் சட்டம். இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள். நியூட்ரலில் உருட்டி எண்ணெய் மிச்சம் பிடிக்கும் புத்தி வேண்டாம், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். வளைவில் நிறுத்திப் படம் எடுக்கக் கூடாது.

முந்தல் தாண்டிப் போடி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏலக்காய்க் கடைகளுக்குப் போங்கள். மூன்றாம் நாள் தோட்டத்தில் கற்றதை இங்கே சோதித்துப் பார்க்கலாம். காயை உடைத்தால் விதை கறுப்பாக, லேசாகப் பிசுக்கென்று ஒட்ட வேண்டும், வாசனை மூக்கில் ஏற வேண்டும். அளவுக்கு மீறிய ஒரே மாதிரிப் பச்சையைச் சந்தேகப்படுங்கள். 8 மில்லிமீட்டர் காய்க்கு விலை அதிகம், பாயசத்துக்குச் சின்னக் காயும் அதே மணம்தான். இரவு தேவாரம்.

ஏழாம் நாள்: குரங்கணி

போடியிலிருந்து 16 கிலோமீட்டர் அளவு, ஏற்றம் பெரிதில்லை. மேலே தெரிவது டாப் ஸ்டேஷன். 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடத் தொடங்கியது, 1908இல் சிறு ரயிலாக மாறியது. மூணாற்றுத் தேயிலை அதில் டாப் ஸ்டேஷனுக்கு வரும், அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கும், பிறகு மாட்டு வண்டியில் போடி. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. நான்கு ஆண்டு கழித்து, 1928இல், போடிக்கு மதுரையிலிருந்து ரயில் வந்தது. அதுவும் அகலப்பாதைக்காக 2010 இறுதியில் நின்று, 2023 ஜூன் 15 அன்று மீண்டும் ஓடத் தொடங்கியது. விருந்தினரை ஊருக்கு அனுப்ப அந்த ரயிலையே பயன்படுத்தலாம், சென்னைக்கு நேர் வண்டி வாரத்தில் மூன்று நாள் உண்டு.

குரங்கணியில் ஊரோடு நின்றுகொள்ளுங்கள். 2018 மார்ச் 11 காட்டுத்தீயில் மலையேறப் போனவர்களில் 23 பேர் இறந்த காடு அது. மேலே நடக்க வேண்டுமென்றால் வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இருக்க வேண்டும். “தெரிஞ்ச பையன் கூட்டிட்டுப் போவான்” என்ற பேச்சுக்கு இடமே கொடுக்காதீர்கள்.

மற்றக் கேள்விகளுக்கு

கார்: ஆறு பேர் மூட்டையோடு சின்னக் காரில் மலை ஏறக் கூடாது. ஏழு பேர் அமரும் வண்டி எடுங்கள். முடிந்தால் போடி, கம்பம் பக்கத்து டிரைவரோடு எடுங்கள், அவருக்கும் சேர்த்து இடம் சரியாக இருக்கும், மூட்டையை மேலே கட்டிவிடலாம். வாடகை வண்டி என்றால் கேரளத்துக்குள் போகப் பர்மிட்டும் வரியும் கட்டியிருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். டேங்க்கைக் கம்பத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், கேரளத்தில் பெட்ரோல், டீசல் விலை கூடுதல்.

இத்தாலிக்காரர் ஓட்டுவது: அவருடைய சொந்த லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் இருந்தால் சட்டப்படி ஓட்டலாம். அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்டிப் பழகியவர். முதல் நாள் தேவாரம்–உத்தமபாளையம் சாலையில் கொஞ்ச நேரம் கொடுத்துப் பாருங்கள். குமுளி ஏற்றத்திலும் போடிமெட்டு இறக்கத்திலும் கொடுக்காதீர்கள்.

போலீஸ்: வெளிநாட்டுக் குடிமக்கள் உங்கள் வீட்டில் தங்கினால், வந்த 24 மணி நேரத்துக்குள் அதை இணையத்தில் பதிவு செய்வது வீட்டுக்காரரான உங்கள் பொறுப்பு. பாஸ்போர்ட், விசா நகல்களை மகனிடம் இப்போதே வாங்கி வையுங்கள். தோட்ட வீட்டிலும் சூரியநெல்லியிலும் அவர்களே பதிவு செய்வார்கள். செய்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முன்பதிவில் வரிசை முக்கியம். முதலில் தோட்ட வீடு, ஏனென்றால் காய் எடுக்கும் சீசனில் நல்ல தோட்டக்காரர் விருந்தினருக்கு இரண்டு நாள்தான் ஒதுக்குவார். அவர் சொல்லும் தேதிக்கு மற்ற ஐந்து நாளையும் நகர்த்திக்கொள்ளுங்கள். இரண்டாவதாகச் சூரியநெல்லி அறையும் ஜீப்பும், மூன்றாவதாக வண்டி. மகன் போன் செய்து “இன்னொரு இடம் சேர்க்கலாமாப்பா?” என்று கேட்டால், எந்த இடத்தை எடுப்பது என்று திருப்பிக் கேளுங்கள்.